மூன்று பனைகளும் ஒரு குசினியும்

ஒரு தாய்க்கு நான் சொன்ன பிழையான ஆலோசனையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வேலணையில் தனியாக வாழும் அவருக்கு வயது அறுபதுக்கு மேல். கணவரை 1990இல் இழந்தவர். இடம்பெயர்ந்து திரும்பியபோது அவரது வீட்டில் கதவு, யன்னல், வளை, சிலாகை எதுவும் இருக்கவில்லை. சுவர்கள் மட்டும் நின்றன. எங்கள் வீடும் அப்படித்தான் கிடந்தது. உங்களில் பலருக்கும் இது புதிதல்ல.

அவரது வளவில் மாமனார் காலத்து முதிர்ந்த பனைகள் மூன்று நின்றன. ஒன்றை வெட்டிக் குசினிக்குக் கூரை போடலாமா என்று என்னிடம் கேட்டார்.

"பனை எங்கள் சொத்து அம்மா. யுத்தத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எவ்வளவு பனை அழிந்தது! நீங்களும் வெட்டலாமா?" என்றேன்.

"மழை ஒழுகிற குசினிக்குள்ள இருந்து நான் மரத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ பிள்ளை?" என்றார் அவர். என்னிடம் பதில் இல்லை.

பின்னர் பயிற்சியொன்றுக்காகக் கேரளம் சென்றபோது, ஒரு விடுமுறை நாளில் நிலம்பூரில் உள்ள தேக்கு நூதனசாலைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். கேரள வன ஆராய்ச்சி நிலையம் 1995இல் அமைத்தது அது. வாசலிலேயே ஒரு தேக்கின் வேர்த்தொகுதி முழுவதையும் வைத்திருக்கிறார்கள். உள்ளே, மலையாளத்தில் 'உரு' எனப்படும் பாய்க்கப்பலின் மாதிரியும் இருந்தது.

அதைக் கண்டதும் ஊர்காவற்றுறை நினைவுக்கு வந்தது. பர்மாத் தேக்கும் அரிசியும் ஏற்றிய பாய்க்கப்பல்கள் யாழ்ப்பாணக் கரைகளுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் பனைமரம் கப்பலேறி வெளியூர்களுக்கு விலையாகப் போனது. மரத்தை வெட்டி வாழ்ந்த ஊர்தான் எங்களது.

நிலம்பூரின் கதை இன்னும் யோசிக்க வைத்தது. கப்பல் கட்டுவதற்காக வெட்டி வெட்டி மலபார்க் காடுகளில் தேக்கு அருகிப்போனது. 1840களில் மாவட்டக் கலெக்டர் கொனொலி தேக்கை நட்டு வளர்க்க முயன்றார். முதலில் விதைகள் சரிவர முளைக்கவில்லை. பல முயற்சிகளின் பின், சாத்து மேனன் என்னும் உள்ளூர் அதிகாரியின் மேற்பார்வையில்தான் தோட்டம் உருவானது. அதில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அந்த மரங்களை நட்டதே வெட்டுவதற்குத்தான். வெட்டியது அல்ல, நடாமல் வெட்டியதே காட்டை அழித்தது என்பது அங்கே எனக்கு விளங்கியது.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயிடம் போய் என் பிழையை ஒப்புக்கொண்டேன். இருவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். இதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது: மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது. பெண்பனையின் மரம் வைரம் கூடியது. பழமும் பனாட்டும் ஒடியலும் தருவதும் அதுவே. ஆகவே நன்றாகக் காய்த்த இரண்டையும் விட்டு, காய்ப்பு நின்றுபோன ஒன்றுக்கு மட்டும் அனுமதி எடுத்தோம்.

மரம் விழுந்த அன்று அவர் அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தேன்.

ஆவணியில் வேலியோரமாக முப்பது பனங்கொட்டைகள் புதைத்தோம். "பனை நட்டவன் பார்த்துச் சாவான் எண்டு சொல்லுவினம். எனக்கு அதுவும் கிடையாது. பேத்தி பாக்கட்டும்" என்றார்.

தை மாதம் போனபோது புதுக் கூரையின் கீழ் அடுப்பு எரிந்தது. பத்துக் கொட்டைகளைக் கிளறிக் கிழங்கு எடுத்து அவித்துத் தந்தார். "மிச்சத்தைத் தொடமாட்டன் பிள்ளை, அது வடலியாகட்டும்" என்றார்.

மாடு மேயாதபடி அதற்கு இப்போது முள்வேலி போட்டிருக்கிறார்.