கிளுவை வேலிக்குள் ஒரு தோட்டத்துச் சாளை

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஊதியூரைத் தாண்டி ஓர் இட்டேரிக்குள் திரும்பினேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் செம்மண் தடம். ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை. ஆனி பிறந்துவிட்டதால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கிளம்பிவிட்டது. தலைக்கு மேலே பனைகள் இரைந்துகொண்டிருந்தன. இட்டேரிக்குள் மட்டும் தூசி எழவில்லை. அந்த வேலி எதற்கு என்று யாரும் சொல்லாமலே அங்கேயே தெரிந்துவிட்டது.

தஞ்சைப் பக்கம் வளர்ந்தவனுக்கு இந்த வட்டாரத்தின் குடியிருப்பு புதிது. எங்கள் ஊரில் வீடுகள் தெருவில் ஒட்டி நிற்கும், வயல் தள்ளி இருக்கும். கொங்கில் குடியானவர் பலர் தங்கள் காட்டுக்குள்ளேயே சாளை என்னும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அடுத்த வீடு கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கும். கொத்தனாருக்கும் தச்சருக்கும் ஆள் அனுப்பிக் காத்திருக்க முடியாத வாழ்க்கை இது. அதனால் வீட்டுக்கு வேண்டிய முக்கால்வாசி வேலையைத் தாங்களே செய்யப் பழகியிருக்கிறார்கள். அதைக் கூடவே இருந்து பார்க்கத்தான் போனேன்.

படலைத் தூக்கி வைத்து உள்ளே விட்டவர் எழுபதை நெருங்கும் பெரியவர். "வாங்க, வழி தப்பாம வந்துட்டீங்களா?" என்றார். அதற்குள் கட்டுத்தரையிலிருந்து அவர் மனைவியின் குரல்: "மொதல்ல தண்ணி குடுங்க அவுங்களுக்கு. பேச்சு அப்பறம்."

அந்த அம்மாவின் நாள் கட்டுத்தரையில்தான் தொடங்குகிறது. மூன்று காங்கயம் பசுக்கள், ஒரு காளை, இரண்டு கன்றுகள். முதல் வேலை சாணி வழிப்பது. இரண்டு கையாலும் கூடையில் வாரி எடுத்துக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோகிறார். பிறகு மாடு தின்று கழித்த சோளத்தட்டைக் கூட்டி அதன் மேலேயே போடுகிறார். அந்தக் குழிதான் இந்தக் காட்டுக்கு உரக்கிடங்கு. புரட்டாசி மழைக்கு முன்னால் எல்லாம் வண்டியில் ஏறிக் காட்டுக்குப் போய்விடும். அதன் பிறகுதான் பால். கன்றை அவிழ்த்துவிட்டு, நாலு இழுப்பு ஊட்டவிட்டு, பசு மடி இறக்கியதும் கன்றை முன்னங்காலோடு சேர்த்துக் கட்டுகிறார். காங்கயம் மாட்டில் கன்று பக்கத்தில் நிற்காமல் பால் வராது. இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. அந்தப் பாலிலும் பாதியைக் கன்றுக்கென்று விட்டுவிடுகிறார். இளைய கன்று இன்னும் செம்பழுப்பு நிறத்தில் இருந்தது. காங்கயம் கன்று பிறக்கும்போது அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும்.

வாசலில் சாணி தெளித்து, வெந்நீர் அடுப்பில் காய்ந்த வேலாங்குச்சியைச் சொருகிவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரை மாடு குடிக்கும் குளுதாழியில் ஊற்றும்போது கிழக்கு வெளுத்தது. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியே எனக்குக் கண்ணில் படவில்லை. நாற்பது வருஷமாக இதே வரிசை என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சலிப்பு இல்லை, கணக்குத் தெரிந்தவரின் நிதானம் இருந்தது.

வெயில் ஏறியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு கொரங்காட்டுக்குப் போனோம். இந்த வட்டாரத்தின் உயிர் அதுதான். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இங்கே மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. தண்ணீர் எட்டும் இடத்தில் தென்னை வைத்தார்கள். எட்டாத இடத்தை மேய்ச்சலுக்கு விட்டு, நாலைந்து ஏக்கருக்கு ஒரு கொரங்காடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிளுவை நட்டார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் கரைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவது, முந்தையதைத் தழைய விடுவது. சில வருஷங்களுக்கு ஒருமுறை உழுது கொள்ளோ சோளமோ விதைப்பார்கள். அறுவடைக்குப் பின் புல் முன்னைவிட அடர்ந்து வரும். கோடையில் புல் காய்ந்து போனாலும் வெள்வேலங்காய் உதிரும். செம்மறிகள் அதைப் பொறுக்கித் தின்னும். அவற்றை ராத்திரி மூங்கில் படலுக்குள் அடைத்து, படலைத் தினமும் கொஞ்சம் நகர்த்திக் கட்டுகிறார்கள். அப்படியே காடு முழுக்கப் புழுக்கை விழுந்துவிடுகிறது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் குனிந்து ஒரு புல் தூரைப் பிடித்து இழுத்துக் காட்டினார்; வரவில்லை. "மேல கருகிப் போச்சுங்க. தூரு சாகலே. ஒரு மழை பேஞ்சதும் பச்சை கட்டிருச்சு. தட்டுப் போரு கொஞ்சம் இருந்துச்சு, அதைக் காட்டியே மாட்டைக் காப்பாத்தினோம். ஒண்ணைக்கூட விக்கலீங்க."

திரும்பும் வழியில் வேலியில் ஓர் ஓட்டை. ஆடுகள் நுழைந்து நுழைந்து பொக்கை விழுந்திருந்தது. அன்றைய முதல் கட்டட வேலை அதுதான். இலை உதிர்ந்து நின்ற கோடையிலேயே கிளுவைக் குச்சிகளை வெட்டி வேப்பமரத்து நிழலில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றும் மார்பு உயரம், மணிக்கட்டுக் கனம். வெட்டுவாய் காய்ந்த பிறகே நட வேண்டுமாம். பச்சையாக ஊன்றினால் அழுகிவிடும் என்றார். கடப்பாரையால் வரிசையாகக் குழி போட்டார். குச்சியை நேராக நிறுத்தாமல், ஒன்று இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமுமாகச் சாய்த்து, பின்னல்போல் குறுக்கே ஓட விட்டார். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினார். பனை அகணியைத் தண்ணீரில் ஊறவைத்து வைத்திருந்தார். அதைக் கொண்டு குறுக்குக் குச்சிகளைப் பக்கத்துப் பழைய வேலியோடு சேர்த்துக் கட்டினார். ஊறிய அகணி கையில் வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும். கம்பி எதுவும் தேவைப்படவில்லை.

நான் வாங்கிக் கட்டிய முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. "காத்து இழுக்குமுங்க," என்று மட்டும் சொன்னார்.

இந்த வேலி முள்ளுள்ளது, மாடு சாய்ந்து தேய்க்காது. மழை பட்டதும் துளிர்க்கும் இலையை ஆடு கடிக்கும். கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் அதில்தான் ஏறிப் படர்கின்றன. அந்த அம்மா ரசத்துக்கும் துவையலுக்கும் அங்கிருந்துதான் பறிக்கிறார். வேலியடியில் கவுதாரி பதுங்கும், குச்சியில் பச்சோந்தி ஒட்டியிருக்கும். நட்டவர் போன பிறகும் பிள்ளை காலம் வரை நிற்கிறது. வெட்டிவிட்டால் அதுவே நாற்று. இவ்வளவு வேலையைச் செய்யும் ஒரு சுவரை எந்தப் பொறியாளரும் வரைந்து தரமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அரிசிம்பருப்புச் சோறும் மோரும் சாப்பிட்டோம். நல்லெண்ணெய் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் தின்ன வேண்டிய சோறு.

அதற்குப் பின் கூரை. பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஞாயிறு மட்டும் காட்டு வேலைக்குக் கிடைப்பார். இந்தப் பக்கத்துக் காடுகளில் ஆள் பற்றாக்குறைக்குத் திருப்பூர் ஒரு பெரிய காரணம். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் பல காடுகள் எப்போதோ விற்கப்பட்டிருக்கும் என்பதும் உண்மை. ஆடிக் காற்று முழு வேகத்தில் வருவதற்குள் மாட்டுக் கொட்டகைக்குப் புதுத் தடுக்கு போட்டாக வேண்டும். தென்னை மட்டைகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, நடுவில் இரண்டாகப் பிளந்து, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்றாக மடக்கிப் பின்னுவது அம்மாவின் வேலை. பேசிக்கொண்டே பின்னுகிறார், கண் ஓலையில் இல்லை.

கொட்டகையின் சட்டம் முழுதும் பனை. வயதான, கருத்து வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து எடுத்த வாரைகள். இளம் பனை உதவாது, சீக்கிரம் உளுத்துவிடும். மகன் பழைய தடுக்கை உருவிக் கீழே தள்ளினார். அது நேராகக் குப்பைக்குழிக்குப் போனது. புதியதை இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் ஏறும்படி முகட்டை நோக்கி அடுக்கிக்கொண்டு போனார். மேல்காற்று அடிக்கும் பக்கம் மட்டும் இரட்டை அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே நீள மூங்கிலைக் குறுக்கே போட்டு வாரையோடு சேர்த்துக் கட்டினார். கூரையின் மேற்குப் பக்கம் தாழ்ந்து, ஆள் குனிந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. காற்று அடியில் புகுந்து தூக்காமல், மேலே வழுக்கிக்கொண்டு போவதற்கு அந்தத் தாழ்வு.

வீடும் அதே புத்தியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. வாசல் கிழக்கே, மேற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. இடுப்பளவு கருங்கல், அதற்கு மேல் மண்சுவர், மேலே சுண்ணாம்பு. பெரியவரின் அப்பாரு காலத்தில் மண்ணைக் குழைத்து மிதித்து, ஒன்றரை அடிக்கு ஒரு சுற்று வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த சுற்று என்று ஏற்றிய சுவர். ஆசாரக் கூடத்தில் நின்றால் வெளியே அடிக்கும் வெயில் உடம்புக்குத் தெரியவில்லை. கூரை மட்டும் பின்னால் மாறியது: நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுச் சீமை ஓடு. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் 1865இல் தொடங்கிய தொழிற்சாலையின் வார்ப்பு வகை அது. கேரளத்தில் பரவி, இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அடியில் இருக்கும் காது ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ரீப்பருக்கு ரீப்பர் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி, விரல் அகலம்கூடப் பிசகாமல், ஓட்டைப் பார்த்து அளந்து அடிக்க வேண்டும். பெரியவர் உடைந்த மூன்று ஓடுகளை மாற்றினார். இறவார வரிசையை மட்டும் கம்பி கோத்துக் கட்டினார். காற்று முதலில் கை வைப்பது அந்த வரிசையில்தான்.

பொழுதோட, மாடுகள் திரும்பி வந்தபின், மகன் தன் யோசனையைச் சொன்னார். இட்டேரிப் பக்கம் கல்கால் ஊன்றிக் கம்பி வலை போட்டுவிடலாம், கொட்டகைக்குத் தகரம் போட்டுவிடலாம், வருஷா வருஷம் இந்த வேலை மிச்சம் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு நாள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் கூரை ஏறுகிற உடம்பு அது. அதை லேசாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "தகரம் போடு அப்புனு, வேண்டாங்கலே. மாடு வெக்கையில நிக்கும், அதுக்கு மேல ஓலை போட்டுக்கலாம். வேலிய மட்டும் எடுத்துராத," என்றார். "அதை எடுத்தா புல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. புல்லு போனா மாடு நிக்காது. மாடு இல்லாம இந்தக் காட்டுல நமக்கு என்ன வேலை?"

இந்தக் கணக்கில் அவர் பக்கம்தான் நிற்கிறேன். தகரமோ ஓடோ சிமெண்டோ ஒரு குடும்பம் தன் வசதிக்கும் வயதுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கொரங்காட்டில் வேலி, புல், மாடு, எரு நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. காங்கயம் காளையின் படத்தைச் சட்டையிலும் வண்டியிலும் ஒட்டிக்கொள்ளும் நாம், அது மேய்கிற காட்டைப் பற்றிப் பேசுவதில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்குப் போய்க் காளைகளை வியந்து பார்க்கிறவர்கள், திரும்பும் வழியில் இட்டேரிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பல இடங்களில் கிளுவை போய் மனைப்பிரிவு எல்லைக்கல் வந்துவிட்டது.

இந்த வட்டாரத்தில் பண்ணை வீட்டுக்கென்று நிலம் வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டை உங்கள் விருப்பப்படி கட்டுங்கள். பொக்லைனைக் கூப்பிட்டு வேலியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். இடைவெளி இருந்தால் கோடையில் குச்சி வெட்டி நிழலில் காயப்போட்டு, மழைக்கு முன் ஊன்றுங்கள். உங்களுக்கு மாடு வளர்க்க முடியாவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரரின் மாட்டை உள்ளே மேய விடுங்கள். புல் அழியாமல் இருக்கும்.