காரில் ஆம்ப் வைக்கப் போகிறீர்களா? முதலில் ஃப்யூஸ்!

காவேரிப்பட்டினம் என்றதும் பூம்புகாரை நினைத்துவிடாதீர்கள். அது கடலோரத்துக் காவிரிப்பூம்பட்டினம். இது கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பெங்களூர் - சேலம் நெடுஞ்சாலை (முன்பு என்.எச். 7, இப்போது 44) இந்த வழியாகத்தான் போகிறது. ஓசூர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுபவர்கள், மாம்பழ சீசனில் லோடு அடிப்பவர்கள், வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் என்று ஸ்டியரிங்கை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் குறைவில்லை.

நாள் முழுக்க வண்டியில் இருப்பவருக்குப் பாட்டுதான் துணை. ஆனால் 80 கி.மீ. வேகத்தில் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் சேர்ந்தால், கம்பெனி ஸ்டீரியோ அமுங்கிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது. உடனே வரும் யோசனை, "ஒரு ஆம்ப் வெச்சிடலாம்!"

ஏன் கரகரக்கிறது? இதற்குப் பிளஸ் டூ இயற்பியல் போதும். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐ.சி. எவ்வளவு முக்கினாலும், அந்த 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி 25 வாட்டுக்குள்தான். நடைமுறையில் 20 வந்தாலே பெரிது. பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதெல்லாம் உச்சக்கணக்கு. அதற்கு மேல் கேட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அதுதான் அந்தக் கரகரப்பு.

ஆம்ப் இதை எப்படித் தாண்டுகிறது? பேட்டரி வோல்ட்டேஜைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்கிறது. ஆனால் அது கரண்ட்டைத் தயாரிப்பதில்லை. எல்லாம் பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். 400 வாட் (ஆர்.எம்.எஸ்.) ஆம்ப் ஒன்று 60 சதவீதத் திறனில் வேலை செய்தால், முழுச் சத்தத்தில் சுமார் 670 வாட் இழுக்கும். 14 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். கம்பெனி ஸ்டீரியோவுக்கு வரும் ஒயரில் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கும்.

கடைகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அண்ணா, பேட்டரியில இருந்து தனியா தடி ஒயர் இழுக்கணும். கொஞ்சம் செலவாகும்."

"ஸ்டீரியோ பின்னாடியே கரண்ட் வருதில்ல தம்பி? அதுலயே குடுத்து முடி."

அப்படிக் கொடுத்தால் ஸ்டீரியோ ஃப்யூஸ் போகும். போன ஃப்யூஸுக்குப் பதில் யாராவது பெரியதைச் சொருகுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டு ஒயரிங்கில் பழகிய 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரை பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் இழுத்து, அதில் 48 ஆம்பியர் ஓடினால், ஒயரிலேயே சுமார் 80 வாட் வெப்பமாகப் போகும். பழைய குண்டு பல்பு ஒன்றை கார்பெட்டுக்கு அடியில் எரியவிட்ட மாதிரி! பாட்டு எந்நேரமும் முழு சக்தியில் ஓடாது என்பதால்தான் பலரும் தப்பிக்கிறார்கள். அதே இடத்தில் 16 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் என்றால் வெப்பம் 13 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

தடி ஒயர் போட்டால் மட்டும் போதுமா? போதாது. "ஆம்ப்லயே ஃப்யூஸ் இருக்கே" என்று நிறைய பேர் சொல்வார்கள். அது ஆம்ப்பைக் காப்பாற்ற. ஒயரைக் காப்பாற்ற வேறு ஃப்யூஸ் வேண்டும், அதுவும் பேட்டரி பக்கத்திலேயே.

காரணம் எளிது. எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகரத்தில் ஓட்டை வழியாக ஒயர் வருகிறது. வண்டி அதிர அதிர, தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலை அறுக்கும். கார் பாடி முழுவதும் பேட்டரியின் மைனஸ். உள்ளிருக்கும் செம்பு அதைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்தக் கரண்ட் டிக்கி வரை போவதே இல்லை. பிறகு ஆம்ப்பில் இருக்கும் ஃப்யூஸுக்கு எப்படித் தெரியும்? அது அப்படியே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்க, முன்னால் ஒயர் பற்றி எரியும்.

அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வரவேண்டும். அதன் அளவு, ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. தகர ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட வேண்டும்.

பொருள் வாங்க பெங்களூர் ஜே.சி. ரோடு போகிறவர்கள் ஒயரின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிடக் குறைவான கரண்ட்டைத்தான் தாங்கும்.

இனி பாட்டு எப்படி ஆம்ப்புக்குப் போகிறது? பல கம்பெனி ஸ்டீரியோக்களில் தனி அவுட்புட் இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஆம்ப்பில் "ஹை லெவல் இன்புட்" இருந்தால் நேராகக் கொடுக்கலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் எர்த்தும் ஒன்றல்ல! ஸ்டீரியோ ஐ.சி. இரண்டு ஒயரையும் ஓட்டுகிறது. மைனஸை பாடியில் கொடுத்தால் ஐ.சி.யே போய்விடலாம். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து எடுத்தால் வாரண்டித் தகராறும் குறையும்.

ஆம்ப்பின் எர்த்தும் ப்ளஸ் ஒயர் அளவுக்கே தடியாக, பெயிண்ட் சுரண்டிய தகரத்தில் இறுக்கமாக இருக்கவேண்டும். எர்த் சரியில்லை என்றால் எஞ்சினை முறுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறும்.

ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆம்ப்பும் வூஃபரும் வாங்குகிறவர்கள், சில நூறு ரூபாய் ஃப்யூஸில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த வண்டியில் குழந்தைகளும் ஏறுவார்கள், ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே வருபவர்களும் ஏறுவார்கள். எனவே கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்கும் முன், "ஃப்யூஸை எங்க வெப்பீங்க?" என்று கேளுங்கள். "பேட்டரி பக்கத்துல" என்று பதில் வந்தால் சாவியைக் கொடுக்கலாம்.