டெய்லர் பிறந்த மாவட்டம் எங்கே?



சென்ற வாரம் தரம் 9 வகுப்பில் தேயிலையின் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர் என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி அட்லஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழும்பினாள்.

"டீச்சர், அப்படி ஒரு இடம் இதில இல்லையே?"

பார்த்தோம். இல்லைதான். "நாளைக்குச் சொல்றோம் மகள்" என்று சமாளித்துவிட்டு வந்து இரவிரவாக வாசித்தோம். வாசித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

கின்கார்டின்ஷயர் என்பது ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், அபர்டீன் நகருக்குத் தெற்கே இருந்த ஒரு மாவட்டம். அந்தப் பக்கத்து மக்கள் அதை 'மேர்ன்ஸ்' என்றும் சொல்வார்கள். கின்கார்டின் என்ற ஊரின் பெயர்தான் மாவட்டத்தின் பெயரானது. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிர்வாகம் கடலோர ஊரான ஸ்டோன்ஹேவனுக்கு மாறியது. கின்கார்டின் ஊர் மெல்ல மெல்ல அழிந்தே போனது. ஊர் போனாலும் அதன் பெயர் மாவட்டத்தில் நின்றது.

1889ஆம் ஆண்டுச் சட்டத்தால் மக்கள் தெரிவு செய்யும் மாவட்ட சபை வந்தது. 1975இல் அந்தச் சபையும் கலைக்கப்பட்டு, கிராம்பியன் என்ற பெரிய பிராந்தியத்துக்குள் மாவட்டம் சேர்க்கப்பட்டது. 1996இல் கிராம்பியனும் இல்லாமல் போய், இன்று அந்த மண் அபர்டீன்ஷயர் சபையின் கீழ் இருக்கிறது. அட்லஸில் பெயர் இல்லாததன் காரணம் இதுதான்.

அப்படியென்றால் எல்லாம் முடிந்ததா? இல்லை. அபர்டீன்ஷயர் சபையின் உட்பிரிவு ஒன்றுக்கு இன்றும் 'கின்கார்டினும் மேர்ன்ஸும்' என்றுதான் பெயர். மன்னரின் பிரதிநிதி ஒருவர் அந்தப் பழைய மாவட்டத்தின் பெயரிலேயே நியமிக்கப்படுகிறார். காணிப் பதிவேடும் பழைய மாவட்டப் பிரிவின்படியே நடக்கிறது. சபை கலைந்து ஐம்பது வருடமாகியும், ஒருவர் தன் வீட்டு உறுதியைப் பதியும்போது அது கின்கார்டின் மாவட்டக் காணியாகவே பதிவாகிறது.

இன்னொன்றும் வாசித்தோம். 1651இல் குரொம்வெல்லின் படை ஸ்கொட்லாந்தைப் பிடித்தபோது, அரச முடியும் செங்கோலும் வாளும் ஸ்டோன்ஹேவனுக்கு அருகே டனொட்டார் கோட்டையில் இருந்தன. படை கோட்டையைச் சுற்றி வளைத்திருந்த வேளையில் அவற்றை இரகசியமாக வெளியே கடத்திவிட்டார்கள். பக்கத்துக் கிராமமான கினெஃபின் போதகருடைய மனைவி கிறிஸ்டியன் பிளெச்சர், உடைக்குள்ளும் நார்க்கட்டுக்குள்ளும் மறைத்துக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. எப்படி வந்தாலும், அவரும் கணவரும் அவற்றைத் தேவாலயத்தின் தரைக்குக் கீழே புதைத்து 1660 வரை காப்பாற்றினார்கள். ஒரு நாட்டின் அடையாளத்தைக் காத்தது ஒரு சின்னக் கிராமத்துக் குடும்பம். ஸ்டோன்ஹேவனில் நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்த பழைய கட்டிடம் இன்று அருங்காட்சியகம். அதை நடத்துபவர்களும் அந்த ஊர்த் தொண்டர்கள்தான்.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னோம். அந்தப் பிள்ளை கவனமாகக் கேட்டுவிட்டு, "டெய்லர்ட ஊருக்கு சபை இல்லாட்டியும் காணிக்குப் பேர் இருக்கு. எங்கட லயத்துக்கு விலாசமே இல்லையே டீச்சர்" என்றாள்.

நமக்குப் பேச்சு வரவில்லை. 1852இல் 16 வயதில் வந்து இறங்கிய டெய்லர், 1892இல் இங்கேயே இறந்தார். கண்டி மஹய்யாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது, பெயரும் இருக்கிறது. லூல்கந்துரையில் அவருடைய பழைய குடிலின் புகைபோக்கியையும் பாதுகாக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த 19 ஏக்கரில் கன்று நட்ட கைகள் யாருடையவை? அவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்குக் கடிதம் வந்தால் இன்றும் தோட்டத்துக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்து, வாய்ப்பை இழந்த பழைய மாணவர் ஒருவரை நமக்கே தெரியும்.

கல்வியியற் கல்லூரியில் நமக்கு, பாடத்தைப் பிள்ளையின் சூழலோடு தொடர்புபடுத்துங்கள் என்று சொல்லித் தந்தார்கள். இந்த முறை அதை நமக்குச் செய்து காட்டியது பிள்ளைதான்.

அதனால் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தாம் இருக்கும் இடத்தின் பழைய பெயர், லயத்தின் பெயர், யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும். கடை வீதிப் பிள்ளைகளும் அப்படித்தான். பள்ளிவாசலடி ஒழுங்கைக்கு முன்னர் என்ன பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பெற்றோரே, இந்த வாரம் பிள்ளை வந்து கேட்டால், "வேலை கிடக்கு, பிறகு வா" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்கார்ந்து சொல்லுங்கள். சபைகளின் எல்லை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று. நாம் எழுதி வைத்தால்தான் பெயர் நிற்கும்.