டவர் வேண்டாம்னு யாரும் சொல்லல

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் சிக்னல் இல்லையென்றால் டீக்கடையில் ஜிபே கூட வேலை செய்யாது. டவர் தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வீடுகளை ஒட்டி டவர் வந்தால் கூடவே இரும்புப் பெட்டிகள், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் வந்து இறங்கும். கரண்ட் போன ராத்திரியில், ஜன்னல் கம்பி அதிர்கிற அந்தச் சத்தத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைத்துப் பாருங்கள். வாடகை ஒருத்தருக்கு, புகையும் சத்தமும் தெருவுக்கே.

எதிர்த்துப் பேசினால், "கதிர்வீச்சுக்குப் பயமா?" என்று வாயை அடைக்கிறார்கள். அதற்கு வரம்பு உண்டு. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் அது சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் நம் பகுதி டவர் விவரத்தைப் பார்க்கலாம். பணம் கட்டி அளக்கச் சொல்லலாம். சத்தத்துக்கும், பெட்டி அடைத்த சந்துக்கும் யாரிடம் போவது?

முதலில் கிராம சபைக்குப் போவோம். பெட்டி வைக்குமுன் தெருவைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்வோம். அக்டோபர் 2 அன்று வீட்டுக்கு ஒருவராவது வந்துவிடுங்கள்.