இரண்டு நிமிட ஆகாயம்

விமானம் என்றாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்தபோது ஏறியதுதான் கடைசி. ஆறு வருடமாக லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் பொய் சொல்லிச் சமாளித்துவந்தேன். அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று தேதி குறித்ததும் பொய் தீர்ந்துபோனது. "தாய்மாமன் மடியில உட்கார்த்தித்தான் குத்தணும். மடியை வீடியோ கால்ல அனுப்புவியாடா?" என்றாள் அக்கா.

"உலகத்துலயே சின்னப் பயணம் எதுவோ, அதுல ஏறிப் பழகுங்களேன்" என்று என் மனைவி கிண்டலுக்குத்தான் சொன்னாள். தேடிப் பார்த்தால், அது ஸ்காட்லாந்திலேயே இருக்கிறது. ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். 1967 முதல் ஓடுகிறது. கால அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்தால் அதுவும் ஆகாது. 53 விநாடி என்பது சாதனை.

இரண்டு நிமிடம் பறப்பதற்கு இரண்டு நாள் தரையிலும் கடலிலும் போனேன். இன்வர்னெஸ் வழியாக, பிரிட்டனின் வடகோடி ரயில் நிலையமான தர்சோ வரை ரயில். ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல். ஹோய் தீவை ஒட்டி, கடலுக்குள் 137 மீட்டர் உயரத்துக்குத் தன்னந்தனியாக நிற்கிற செம்பாறைத் தூணைப் பார்க்க எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினார்கள். நான் அதன் மேலே இருந்த வானத்தைத்தான் பார்த்தேன். மேகம் நிறைய இருந்தது. ஸ்ட்ரோம்னெஸ்ஸில் இறங்கி, தரைவழியாகக் கிர்க்வால் போய், மறுபடி படகேறி வெஸ்ட்ரே.

விமான நிலையம் என்றால் ஒரு கொட்டகை, ஒரு தீயணைப்பு வண்டி, காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய். பக்கத்து வயலில் மாடுகள். வந்து நின்றது ஐலண்டர் ரக விமானம். எட்டுப் பேர்தான் பயணிகள். உள்ளே நடைபாதை கிடையாது. அம்பாசிடர் காரில் ஏறுவதுபோல் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவரவர் இருக்கையில் நுழைய வேண்டும். விமானிக்குத் தனி அறையும் இல்லை. அவர் பின்கழுத்து எனக்கு ஒரு முழத்தில் இருந்தது.

என் பயத்தின் மையம் ஒரு சத்தம், இல்லை, சத்தம் குறைவதுதான். பெரிய விமானங்களில் மேலே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இரைச்சல் சட்டென்று தணியும். உடல் அப்படியே கீழே போவதுபோல் இருக்கும். இன்ஜின் நின்றுவிட்டது, முடிந்தது கதை என்று ஒவ்வொரு முறையும் குலதெய்வத்தைக் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே என் கண்ணெதிரே விமானி வலது கையால் இரண்டு நெம்புகோல்களை இதமாகப் பின்னால் இழுத்தார். இரைச்சல் தணிந்தது. அவ்வளவுதான். ஏறுவதற்கு வேண்டிய வலு இனி வேண்டாம் என்று ஒரு மனிதர் குறைத்ததற்காக இத்தனை வருடம் வியர்த்திருக்கிறேன்! சக்கரங்களும் இதில் உள்ளே மடங்குவதில்லை. அதனால் அந்த 'டொக்' சத்தமும் இல்லை. கீழே பச்சைக் கடல், ஒரு வெள்ளை மணல் விளிம்பு. அடுத்து என்ன பயப்படலாம் என்று யோசிப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

பாப்பா வெஸ்ட்ரேயில் மொத்தமே நூறு பேருக்குள்தான். மேற்குக் கரையில் நேப் ஆஃப் ஹவர் என்ற இரட்டைக் கல்வீடு இருக்கிறது. கி.மு. 3700 வாக்கில் கட்டியது. எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தது. குனிந்து உள்ளே போனேன். சுவர் அசையாமல் நிற்கிறது. வெளியே காற்று ஊளையிட, உள்ளே நெருப்புக்குச்சி கிழிக்கலாம் போல அமைதி.

வடக்குக் குன்றில் ஆலாக்கள் கூடு கட்டும் காலம். தலையைக் குறிவைத்துப் பாய்ந்தன. ஆர்க்டிக் ஆலா ஆண்டுதோறும் அண்டார்டிகா வரை போய்த் திரும்பும் பறவை. கைப்பிடிக்குள் அடங்கும் உடம்பு. அவற்றுக்குத் தப்பி ஓடிய இடத்தில், பாறை விளிம்பில் ஒரு நினைவுக்கல். பெரிய ஆக் என்ற பறவைக்கு. பென்குயின் என்ற பெயர் முதலில் இதற்குத்தான் இருந்தது. சிறகு உண்டு, பறக்காது. ஆர்க்னியின் கடைசிப் பறவையை 1813இல் இங்கேதான் கொன்றார்கள், அருங்காட்சியகச் சேகரிப்புக்காக. 1844க்குப் பிறகு உலகத்திலேயே அந்த இனம் இல்லை. நினைவுக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டேன். சொந்தக்காரரின் சமாதியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

திரும்புவதற்குப் படகும் உண்டு. ஆனால் கிர்க்வாலுக்கு நேராகப் போகும் விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன். விமானிக்கு அடுத்த இருக்கைதான் காலியாக இருந்தது. எதிரே கடிகாரம் கடிகாரமாக எத்தனையோ வட்டங்கள். "எதையும் தொடாமல் இருந்தால் போதும்" என்று சிரித்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, சத்தம் எப்போது தணியும் என்று அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.