தட்டில் தேங்கும் தண்ணீர்

மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்தில், தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர் மார்டள்ளி. 1956 வரை இந்தக் கொள்ளேகால் வட்டாரம் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்தோடு சேர்ந்து, 1997இல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது. ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் பலரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து மைசூருக்குப் போகிறார்கள். 2018 டிசம்பர் 14 அன்று பக்கத்துச் சுள்வாடியின் மாரம்மா கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தைச் சாப்பிட்டவர்களில் பலரை மைசூரு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்தான் சேர்த்தார்கள். அந்தப் பிரிவுகளுக்கும் அறுவை அரங்குகளுக்கும் காற்று எந்த வழியாக வருகிறது, அதை அனுப்பும் எந்திரத்தை யார் எப்படிப் பொருத்துகிறார்கள் என்பது அதனால் மார்டள்ளிக்காரர்களுக்கும் உரிய கேள்வி.

அந்த எந்திரத்தைக் கட்டட வேலையில் இருப்பவர்கள் ஏ.ஹெச்.யூ. என்பார்கள். ஆள் உயரத் தகரப் பெட்டி. உள்ளே ஃபில்டர், குளிர்நீர் ஓடும் காயில், காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு, காற்றை இழுத்துத் தள்ளும் ஃபேன். பார்ப்பவர் கண் காற்றைக் கொண்டுபோகும் டக்ட்டின் பளபளப்பிலும் கன்ட்ரோல் பேனலின் விளக்குகளிலும் நின்றுவிடும். பொருத்தும் இடத்தில் நின்று கவனித்தால், எந்திரத்தின் ஆயுளையும் நோயாளியின் பாதுகாப்பையும் முடிவு செய்வது அந்தத் தட்டிலிருந்து வெளியேறும் டிரெய்ன் பைப்தான் என்பது புரியும். மொத்தச் செலவில் கணக்கிலேயே வராத பிளாஸ்டிக் குழாய் அது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் அச்சகத்துக்காக வரைந்த முதல் நவீன ஏ.சி.யும் வெக்கைக்காகப் பிறந்ததல்ல. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத்தான். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுப்பது இந்த எந்திரத்தின் பாதி வேலை. எடுத்த தண்ணீர் எங்கே போகிறது?

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டால் விஷயத்தின் கனம் தெரியும். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரமுள்ள அறுவை அரங்கை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். வழிகாட்டுதல்படி மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். அதில் 4 முறை வெளிக்காற்றாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் 25 டிகிரியில் ஈரம் கனத்த காற்றை 12 டிகிரிக்குக் குளிர்வித்தால், அந்த வெளிக்காற்றிலிருந்து மட்டும் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் நீர் காயிலில் படியும். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குடம். இது வடியாமல் தட்டில் நின்றால் பாசியும் பூஞ்சையும் பிடிக்கும். அறுவை அரங்குக்குப் போகும் காற்று அதன் மேல்தான் கடந்து போகிறது.

குழாய் வைத்தால் தண்ணீர் தானாக வடியாதா என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். காயிலுக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் பெட்டிகளில் தட்டு இருக்கும் பகுதி உறிஞ்சும் பகுதி. ஃபேன் ஓடும்போது வெளிக்காற்று டிரெய்ன் பைப் வழியாகவே உள்ளே ஏறும். இறங்க வேண்டிய தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். ஃபேனை நிறுத்தியதும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டினால், டிராப் (தண்ணீரைத் தேக்கிக் காற்றை அடைக்கும் குழாய் வளைவு) இல்லை அல்லது ஆழம் போதவில்லை என்று அனுபவமுள்ள ஃபிட்டர் உடனே சொல்லிவிடுவார். உறிஞ்சு அழுத்தம் 50 மில்லிமீட்டர் நீர் உயரம் என்றால், தட்டின் வாயிலிருந்து டிராப்பின் வெளிவாய் குறைந்தது 75 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். அதற்கும் கீழே வளைவு இறங்க வேண்டும். இந்த இடம் எங்கிருந்து வரும்? பெட்டி உட்காரும் கான்கிரீட் மேடையின் உயரத்திலிருந்து. மேடையைத் தாழ்வாகக் கட்டிய அன்றே டிரெய்ன் கெட்டுப்போகிறது. மாதங்கள் கழித்து வரும் ஃபிட்டர் என்ன செய்ய முடியும்? டிராப்புக்குப் பிறகும் மீட்டருக்கு 10 மில்லிமீட்டராவது வாட்டம் வேண்டும். 20 மீட்டர் ஓட்டத்துக்கு 200 மில்லிமீட்டர். டக்ட்டும் குளிர்நீர்க் குழாயும் கேபிள் டிரேயும் சீலிங்குக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்த 200 கிடைப்பதில்லை. டக்ட்டைத் திருப்பலாம், கேபிளை வளைக்கலாம். தண்ணீரிடம் அந்தப் பேச்சு நடக்காது. ஆகவே வாட்டத்துக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மற்றதை அப்புறம் வரைய வேண்டும்.

வாட்டம் கிடைக்காவிட்டால் சின்ன பம்ப் வைத்துவிடலாமே என்பார்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் வைக்கலாம். ஆனால் பம்ப் கரண்ட் போனால் நிற்கும், சேறு அடைத்தால் நிற்கும், புவியீர்ப்பு நிற்பதில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்துதானே செய்கிறார்கள் என்பது இன்னொரு பதில். வரைபடத்தில் குழாய் தொய்வதில்லை. கிளாம்ப்பை எட்ட எட்டப் போட்டால் சுவரில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். ரச மட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்க்கிற கண்ணுக்கு மாற்று இன்னும் வரவில்லை. குழாயின் முனையைக் கழிவுநீர்க் குழாயோடு நேராக ஒட்டிவிடுவதும் நடக்கிறது; டிராப் காய்ந்த நாளில் சாக்கடைக் காற்று வார்டுக்குள் வரும். இடைவெளி விட்டு ஃப்ளோர் டிராப்பில் சொட்ட விடுவதுதான் முறை.

மற்ற வேலைகளும் இதே தண்ணீரோடு தொடர்புள்ளவைதான். 7 டிகிரி நீர் ஓடும் குழாயின் நைட்ரைல் இன்சுலேஷனில் ஒரு இணைப்பில் பசை விட்டுப்போனால் அங்கே வியர்க்கும். சீலிங்கில் மஞ்சள் கறை தெரியும். மோட்டார் கேபிளை அதன் டெர்மினல் பெட்டியின் மேல்பக்கமாக நுழைத்தால் அந்த வியர்வை கேபிள் வழியே டெர்மினலுக்குள் இறங்கும். ஆகவே ஒயர்மேன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு, அடியிலிருந்து கிளாண்ட் போட்டு ஏற்ற வேண்டும். மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் கட்டாயம். தட்டில் நீர் ஏறினால் எச்சரிக்கும் ஃப்ளோட் ஸ்விட்சின் இரண்டு மெல்லிய ஒயர்களையும் விடக்கூடாது.

இவ்வளவு நுணுக்கத்துக்கும் கூலி எப்படிக் கணக்காகிறது? குழாய் இத்தனை மீட்டர் என்று. வேகமாக ஓட்டியவருக்கும் வாட்டம் பார்த்துப் பார்த்துக் கட்டியவருக்கும் ஒரே மீட்டர், ஒரே தொகை. இது நியாயமில்லை; தரம் கெடுவதற்கு ஃபிட்டரின் அலட்சியத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்பேன். மருத்துவமனை கட்டுபவர்களிடம் கேட்பது இதுதான்: ஃபால்ஸ் சீலிங்கை மூடும் முன், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டில் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனைக்கு மதிப்பீட்டில் தனித் தொகை எழுதுங்கள். சோதனை அறிக்கையில் இன்ஜினியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஃபிட்டரும் கையெழுத்துப் போடட்டும். வாட்டம் இல்லாத இடத்தில் வேலையை நிறுத்தும் உரிமையையும் அவருக்குக் கொடுங்கள்.