ஊடை அறுந்த தறி

ஆகஸ்ட் 27, 2025, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறிக்கொண்டே நாலு மெயில் பார்த்துவிட்டேன். இன்று முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. இந்த மாதத் தொடக்கத்தில்தான் 25 என்றார்கள். பையர் இரண்டு ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்கிறார். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை. அவர்கள் பேச ஆரம்பிக்கும்போது திருப்பூரில் எனக்கு ஒரு முழுநாள் வேலை முடிந்திருக்கும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மறுபடியும் மூன்று மணிக்கு விழிப்பு. பல்லைக் கடித்தபடியே தூங்குகிறேன் போல, தாடை வலிக்கிறது. 180 ஜிஎஸ்எம் எடையுள்ள துணியை 160 என்று டையிங்குக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

அதைவிட மோசம் மதியம் நடந்தது. செக்கிங்கில் ஒரு பெண் லீவு கேட்டாள், குழந்தைக்குக் காய்ச்சலாம். "உங்களுக்கெல்லாம் எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த டிரிம்மரால், பிசிறே இல்லாத இடத்தில் வெட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சோமனூர், அப்பா வீடு. எந்த ஞாயிறு வந்தாலும் முதலில் தறிக்குடோனுக்குள் போய் நிற்பவள் நான். இன்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்கண்ணு, உள்ள வரலியா?"

"சத்தம் ஆகலீங்கப்பா."

"போன்ல பேசறப்பவே நெனச்சேன். ரெண்டு மாசமாவே உன் குரல் சரியில்ல."

ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பழுது விழுந்துகொண்டே போகும். பன்னிரண்டு தறி ஓடும்போதும் ஒன்றின் சத்தம் மாறினால் அப்பாவுக்குத் தூக்கம் கலைந்துவிடும். எனக்கு இரண்டு மாதமாக என் சத்தமே கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டரைப் பார்த்தேன். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரவில் தணிந்து விடியலில் ஏற வேண்டுமாம். பதற்றம் மாதக்கணக்கில் நீடித்தால் அந்தத் தாளம் குலையுமாம். தீராத அசதி, வேலையின் மேல் கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்ய முடியாத நிலை, இம்மூன்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட் என்று வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றது. நான் இன்னும் அதற்குள் விழவில்லை, விளிம்பில் இருக்கிறேன் என்றார் டாக்டர். செக்கிங் பெண்ணிடம் நான் பேசியது அசதி மட்டும் இல்லை, அந்தக் கசப்புதான்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்: இரவு ஒன்பதுக்கு மேல் மெயில் பார்க்க மாட்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

இந்த வரி எப்போது குறையும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவர் யாரானாலும் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த நேரத்திலும் எடுப்பார்கள்.